மார்கழியில் வந்த தாள்

1

தலைமையாசிரியை அம்மாவுக்கும், பள்ளிக்கூட ஆண்டு மலரைப் படிக்கப்போகிற ஊர்க்காரர்களுக்கும் வணக்கம். எனக்கு எழுத்து சரியாக வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். போடவேண்டிய இடத்தில் புள்ளி போடமாட்டேன், வேண்டாத இடத்தில் போடுவேன். மறதியும் வந்துவிட்டது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். நாலு பேர் கூடிய இடத்தில் கதவுக்குப் பின்னால் நிற்கிறவளிடம் போய் எழுதச் சொல்லிவிட்டீர்கள். பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் அவரவர் இருக்கும் இடத்தின் பூகோளம், வரலாறு, பொருளாதாரம் மூன்றையும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுதவேண்டும் என்று டீச்சர் போனில் சொன்னார். துபாய்க்காரரும் மலேசியாக்காரரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நான் இருக்கிற ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அது எங்குட்டும்மா இருக்கு?" என்று கேட்டார். கடலுக்கு அங்குட்டு என்றேன். எந்தக் கடலுக்கு என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு மகள் கலா என்னைக் கூட்டிவந்தாள். மருமகன் காரைக்கால்காரர். அவர் குடும்பத்துக்கு அந்தக் காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அவருக்கு மின்சார வேலை, கலாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நான் வந்து ஆறு வருஷம் ஆகிறது.

2

முதலில் பூகோளம். இந்தத் தீவின் பெயர் குவாதலூப். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று, ஆனால் பிரான்சு அரசாங்கத்தைச் சேர்ந்தது. படத்தில் பார்த்தால் சிறகை விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். இடது சிறகில், கிழக்குப் பார்த்த கரையில் இருக்கிறது எங்கள் பகுதி. கப்பெஸ்தேர் என்பார்கள். முன்னால் அட்லாண்டிக் கடல். பின்னால் மலை. மலையின் உச்சியில் நெருப்பு மலை ஒன்று இருக்கிறது. அது தூங்குகிறது என்றுதான் சொல்கிறார்கள். மேகம் விலகுகிற நாளில் அதன் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வருவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடாது.

மழை என்றால் நம் ஊர்க் கணக்கில் இல்லை. கடலிலிருந்து வருகிற மேகமெல்லாம் எங்கள் மலையில் முட்டிக் கொட்டிவிட்டுத்தான் போகும். மலையிலிருந்து அருவி அருவியாகத் தண்ணீர் இறங்கும். அப்படியிருந்தும் வீட்டுக் குழாயில் வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் வராது. குழாய் பழசாம். வெளியே மழை கொட்ட, உள்ளே நான் காலிக் குடத்தோடு நிற்பேன்.

மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். புதுவயல் பக்கம் நம் மண்ணை உங்களுக்குத் தெரியும். கடப்பாறை போட்டால் கை அதிரும். ஒரு மழைக்கு ஊருணியில் தேங்கியதை வைத்து வருஷத்தை ஓட்டவேண்டும். இந்த மண் கறுப்பு. கையில் எடுத்தால் வேகவைத்த கேழ்வரகுக் களி மாதிரி ஈரமாக ஒட்டும். வேலிக்கு நட்ட குச்சி பத்து நாளில் துளிர்க்கும். முதல்முதலாக அதைக் கையில் அள்ளியபோது, இப்படிப்பட்ட மண் என் வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லையே என்று அழுதேன். அவர் கடைசிவரைக்கும் அடுத்தவர் நிலத்தில், விளைச்சலில் ஒரு பங்கு என்று வாரத்துக்கு உழுதவர்.

3

வரலாறு. ஆதியில் இங்கே இருந்தவர்களை வெள்ளைக்காரர்கள் வந்து அழித்துவிட்டார்கள். அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைப் பிடித்து வந்து கரும்பு வெட்டவைத்தார்கள். அவர்களுக்கு விடுதலை கிடைத்ததும் கரும்புக்கு ஆள் போதவில்லை. அப்போதுதான் காரைக்கால், பாண்டிச்சேரி கப்பல்களில் நம் ஆட்களை ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பலாம் என்று சொன்னார்களாம். பாதிப்பேர் திரும்பவில்லை. நிறையப் பேர் இந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டு ரொசெத் அந்த வழியில் வந்தவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். பார்த்தால் நம் திருப்பத்தூர்ச் சந்தையில் கருவாடு விற்கிறவளைப் போலவே இருப்பாள். பேசினால் ஒரு வார்த்தை தமிழ் இல்லை. கிரியோல் என்கிற பாஷைதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள். மாரியம்மனுக்குக் கிடாயும் வெட்டுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் பேரப்பிள்ளைகள் வந்துபோகும். நாங்கள் இரண்டுபேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று, கையால் பேசி, சிரித்துக்கொள்வோம். வீட்டுக்கு வெளியே எனக்குக் கூச்சம் வராத ஒரே ஆள் அவள்தான்.

ரொசெத்தின் குடும்பப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் என்னமோ மாதிரி எழுதியிருக்கிறார்கள். கலா எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, இருளப்பன் என்றாள். நம் பக்கத்துப் பெயர். எந்த ஊர் இருளப்பனோ.

4

பொருளாதாரம் என்றால் இங்கே வாழை. கரும்பு குறைந்தபிறகு வாழை வந்தது. மலையடிவாரத்திலிருந்து கடல்வரைக்கும் வாழைதான். தாருக்குத் தார் நீலப் பிளாஸ்டிக் பை மாட்டியிருப்பார்கள். காற்றடிக்கிற சாயங்காலத்தில் அந்தப் பக்கம் நடந்தால், முகத்தை நீலத் துணியால் மூடிக்கொண்டு வரிசை வரிசையாக ஆட்கள் நிற்கிற மாதிரியே இருக்கும். நான் தனியாகப் போகமாட்டேன்.

பழத்தைப் பச்சையாக வெட்டி, கழுவி, பெட்டியில் அடுக்கி, பிரான்சுக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள். அரிசி, வெங்காயம், பால் பவுடர் எல்லாம் அங்கேயிருந்து கப்பலில் வரும்.

வாழைக்கிழங்கைத் துளைக்கிற வண்டு ஒன்று உண்டு. அதைக் கொல்ல வெள்ளைப் பொடி மருந்து ஒன்றை இருபது வருஷம் போலப் போட்டார்கள். குளோர்தெகோன் என்று பெயர். கெடுதல் என்று தெரிந்து பிரான்சு நாட்டில் நிறுத்தின பிறகும் இங்கே கொஞ்சகாலம் அனுமதித்தார்களாம். நிறுத்தி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மருந்து மண்ணைவிட்டுப் போகவில்லை. நம் பேரன் பேத்திக்குப் பேரன் பேத்தி வந்தாலும் போகாது என்கிறார்கள். இதில் கேட்டுக்கொள்ளுங்கள், வாழைப்பழத்துக்குள் அது ஏறுவதில்லை. மண்ணுக்குள் விளைகிற கிழங்கில்தான் ஏறும். ஆகையால் கப்பலேறிப் போகிற பழம் சுத்தமானது. இங்கே இருக்கிறவர்கள் தோண்டித் தின்கிற கிழங்கில்தான் விஷம்.

ரொசெத்தின் அப்பா தோட்டத்தில் அந்தப் பொடியைப் போட்டவர். கையுறை கிடையாது. டப்பாவில் அள்ளி, மரத்துக்கு மரம் அடியில் தூவிக்கொண்டே போகவேண்டும். வீட்டுக்கு வரும்போது தலை, புருவம் எல்லாம் மாவாக இருக்குமாம். சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்பாவின் முதுகில் விரலால் படம் போடுவேன் என்று ரொசெத் சொல்லியிருக்கிறாள்.

இதைக் கலா எனக்குத் தமிழில் சொன்னபோது, நான் ரைஸ்மில்லில் வேலை பார்த்த காலம் ஞாபகம் வந்தது. களத்தில் நெல் காயப்போட்டுவிட்டு, பிறகு உள்ளே தவிடு அள்ளிவிட்டு வருவேன். உடம்பெல்லாம் தவிட்டுத் தூசி. வாசலில் கலா ஓடிவந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கழுவிட்டு வாரேன், தள்ளிப் போ என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. தவிடு ஒன்றும் செய்யாது. பொடியும் ஒன்றும் செய்யாது என்றுதானே அந்த மனுஷர் நினைத்திருப்பார். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்தார்.

5

டீச்சர் கேட்ட மூன்றும் முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு முடியவில்லை.

முதலில் நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். பிறகுதான் கப்பெஸ்தேரில் இந்த வீட்டை வாங்கினார்கள். பழைய வாழைத் தோட்டத்தைப் பிரித்துக் கட்டின வீடு. அது எனக்குத் தெரியாது. பின்பக்கம் கொல்லையில் ஓடை ஓரமாகச் சேப்பங்கிழங்கு தானாகவே கிடந்தது. நான் பிடுங்கி, பாத்தி கட்டி வைத்தேன். யானைக்காது மாதிரி இலை விட்டது.

கலியாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அப்போதுதான் கலா உண்டாகியிருந்தாள். எது தின்றாலும் வாந்தி. சோற்று வாடையே ஆகாது. கிழங்கு மட்டும் தங்கியது. "எம்மா, அந்தக் கெழங்கையே வையிம்மா, அதுதான் உள்ள நிக்கிது" என்பாள். எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். முதல் விளைச்சலைச் சாமிக்கு வைத்து, அடுத்து வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கொடுக்கவேண்டும். புளிக்குழம்பாகவும் வறுவலாகவும் மசியலாகவும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

ஒருநாள் நான் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தபோது ரொசெத் வேலிக்கு வந்தாள். கிழங்கைக் காட்டி, தன் வயிற்றைத் தொட்டு, விரலை ஆட்டினாள். முகம் கடுகடுவென்று இருந்தது. நம் ஊரிலும் பிள்ளைத்தாய்ச்சி பப்பாளி தின்னக்கூடாது, அன்னாசி தின்னக்கூடாது என்பார்கள் அல்லவா. அப்படி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிள்ளையில்லாதவள், என் மகள் வயிற்றைப் பார்த்துக் கண் வைக்கிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே உப்பு மிளகாய் எடுத்து கலாவுக்குச் சுற்றிப் போட்டேன். அடுப்பில் மிளகாய் வெடித்தபோது ரொசெத்தின் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு முன்னால், ஐப்பசியில், வீட்டில் நான் மட்டும் இருந்தபோது அரசாங்க ஆள் ஒருத்தர் வந்திருந்தார். கொல்லையை நாடா வைத்து அளந்தார். மூலைக்கு மூலை குழாய் மாதிரி ஒன்றை இறக்கி, மண் எடுத்துப் பையில் போட்டு, பையில் எழுதிக்கொண்டார். நான் மோர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். மார்கழி பிறந்து மூன்றாம் நாள் ஒருத்தர் வந்து தாள் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். தமிழில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

தாளில் வீட்டுக்கும் கொல்லைக்கும் படம் போட்டிருந்தது. கொல்லையைச் சுற்றிச் சிவப்புக் கோடு. ஓரத்தில் முத்திரை. நம் ஊரில் சர்வேக்காரர்கள் சங்கிலி போட்டு அளந்துவிட்டுப் போனால், பிறகு இப்படித்தான் வரைபடத்தோடு காகிதம் வரும். என் வீட்டுக்காரர் உழுத நிலத்துக்கு அப்படி வந்தபோது, நிலத்துச் சொந்தக்காரர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் வரப்பில் நின்று பார்த்தவள். எங்களுக்கு ஒருநாளும் அப்படி ஒரு காகிதம் வந்ததில்லை. இது மகளுடைய மண்ணுக்கு வந்த பட்டா என்று நினைத்துவிட்டேன். சிவப்புக் கோட்டுக்குள் இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைத்தேன்.

மார்கழியில் நிலக் காகிதம் கைமாற்றக்கூடாது. பீடை மாதம். தை பிறக்கட்டும், பொங்கலன்றைக்கு மகள் கையில் கொடுப்போம், சந்தோஷப்படுவாள் என்று மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். தினம் விளக்கேற்றி அதைக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டுப் போய்க் கிழங்கு வேகவைத்தேன். ஒரு மாசம்.

மார்கழிக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என்ன சாப்பிடுகிறாய் என்று நர்சு கலாவிடம் கேட்டிருக்கிறாள். கொல்லைக் கிழங்கு என்றதும், மண்ணைப் பார்த்தாயிற்றா என்று திடுக்கிட்டாளாம். அன்றோடு கலா கிழங்கை நிறுத்திவிட்டாள். மருமகன் மண் சோதனைக்கு எழுதிப்போட்டிருந்தார். அந்த விவரம் கலாவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. அவர் ஏதாவது சொன்னால் கலா வழியாகத்தான் வரும். கலாவோ, மண் கெட்டது என்றால் உடனே தாள் அனுப்பியிருப்பார்கள், தாள் வரவில்லை, ஆகையால் நல்ல மண்தான் என்று இருந்துவிட்டாள்.

அன்றைக்கு மருமகன் ஆபீசுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். தாளைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கியாயிற்று என்று அங்கே சொன்னார்களாம். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பி, "அத்தை, யாராச்சும் வந்து தாள் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று, "இல்லையே, யாரும் வரலையே" என்றேன்.

மறுநாள் அவர்கள் வேலைக்குப் போனதும் தாளை எடுத்துக்கொண்டு ரொசெத்திடம் போனேன். கண்ணாடி மாட்டிப் படித்தாள். சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். கீழே மண்ணைக் காட்டினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை. இன்றுவரைக்கும் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மாசியில் மறு தாள் தபாலில் வந்தது. கலா அதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆபீஸ்காரர்களை மருமகன் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். வாங்காத கையெழுத்தை வாங்கியதாகப் போனிலேயே பொய் சொல்லி ஏமாற்றினார்கள் என்கிறார். முதல் தாள் என் டிரங்குப் பெட்டியில், சேலைக்கு அடியில் இருக்கிறது. மஞ்சள் இன்னும் அழியவில்லை.

6

பேத்தி யாழினிக்கு ஒன்றரை வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை விட்டால் உட்கார்ந்துவிடுவாள். தரையில் கிடக்கிற பொட்டுக்கடலையை இரண்டு விரலால் எடுக்க நாலைந்து தடவை முயற்சி செய்வாள். நடை பிந்துகிற பிள்ளைகள் உண்டு, இதுவும் அப்படி இருக்கலாம் என்கிறார் டாக்டர். மண்ணில் கிடக்கிற அந்தப் பொடி மருந்தினாலும் இருக்கலாம். வளர வளரத்தான் தெரியும், தாய் உடம்பில் இருந்தது தின்பதை நிறுத்தினதும் குறைந்துவிடும் என்றார். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளில் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது.

போன வாரம் கல்லறைத் திருநாள். அந்தச் சமயத்தில் ரொசெத் மாதிரி ஆட்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். சம்பிளானி என்கிறார்கள். நம் சாம்பிராணிதான் அது என்று மருமகன் சொல்கிறார். படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டு, செத்தவர் எதை ஆசையாகத் தின்றாரோ அதையெல்லாம் வைக்கிறார்கள். சாராயம், சுருட்டும் உண்டு. பிறகு அந்த இலையில் இருப்பதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

மத்தியானம் எங்களையும் கூப்பிட்டாள். அவள் அப்பாவுக்குக் கிழங்கு என்றால் உயிராம். இலையில் கிழங்கு இருந்தது. கடையில் வாங்கியது, வேறு தேசத்திலிருந்து பெட்டியில் வந்தது. பிள்ளைகள் தின்னவேண்டுமே, நம் மண்ணில் விளைந்ததை எப்படி வைப்பது என்று ரொசெத் கலா வழியாகச் சொன்னாள். அப்பா இதைத் தின்பாரோ என்னமோ என்று சொல்லிவிட்டுப் படத்தை ஒரு தரம் பார்த்தாள். அந்த வீட்டுக்குள் காற்றே இல்லை. இலையின் ஓரம் மட்டும் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷர் எங்கள் எல்லோருக்கும் நடுவில், புருவத்தில் பொடியோடு, உட்கார்ந்திருக்கிறார் என்றே எனக்குப் பட்டது.

ரொசெத்தின் அண்ணன் பேரன் ஒருத்தன் யாழினியைவிட இரண்டு மாசம் இளையவன். இலையைச் சுற்றி ஓடினான். கலா அவனையே பார்த்தாள். மடியில் யாழினி. பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், மெதுவாகச் சொன்னாள்:

"நாக்கக் கட்டத் தெரியாம நாந்தானம்மா தின்னேன். நீ வேணாம் வேணாம்னாலும் கேட்டு வாங்கித் தின்னேன். எம்பிள்ளைக்கு நானே வெசத்த ஊட்டிட்டேன்."

நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்மேல் குற்றம் இருக்கக்கூடாது என்று அவளே உண்டாக்கிக்கொண்ட ஞாபகம் அது.

"அப்படியெல்லாம் பேசாதத்தா" என்றேன்.

என்ன பேசுகிறீர்கள் என்று ரொசெத் கேட்டாள். கலா கிரியோலில் சொன்னாள். ரொசெத் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கலாவிடம் ஏதோ சொன்னாள். "பிள்ளையத் தூக்கிட்டு வெளிய நில்லுங்குறா. ஒன்ட்ட அவளுக்கு ஒரு பேச்சு இருக்காம்" என்று சொல்லிவிட்டுக் கலா எழுந்துபோனாள்.

ரொசெத் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் கலாவைக் காட்டினாள். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அன்றைக்கு நான் பொத்தின அதே வாயில் தன் கையை வைத்து, எடுத்தாள். அப்புறம் என் வாயைத் தொட்டாள். கோபமாக இல்லை. அவள் கண் நிறைந்திருந்தது. இவள் என் மகள்மேல் கண் வைக்கிறாள் என்றுதானே நான் மிளகாய் சுற்றினேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்றேன்.

7

எனக்கு வாயால் சொல்ல வராது. எழுத உட்கார்ந்தால் வருகிறது என்று இந்த நோட்டில்தான் தெரிந்துகொண்டேன். டீச்சருக்கு அந்தப் புண்ணியம்.

இதில் நான் எழுதின விவரங்களை யாராவது சரிபார்க்கவேண்டும். நம் ஆட்கள் எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், மருந்தை எத்தனை வருஷம் போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதெல்லாம் மகளும் மருமகனும் பேசியதைக் கேட்டு நான் எழுதியது. தப்பு இருக்கும். பிள்ளைகள் படிக்கிற மலரில் தப்பு வரக்கூடாது. காரைக்குடியில் இருந்துகொண்டு நீங்கள் இதைச் சரிபார்க்க முடியாது. இங்கே தமிழும் பிரெஞ்சும் சேர்த்துப் படிக்கத் தெரிந்து, நான் கூச்சப்படாமல் கேட்கக்கூடிய ஆள் ஒருத்திதான்.

நாளைக்குச் சனிக்கிழமை. கலாவுக்கு லீவு. காலையில் காப்பி கொடுக்கும்போது இந்த நோட்டைக் கையில் கொடுத்து, அச்சுக்குப் போவதற்கு முன்னால் பார்த்துக் கொடு ஆத்தா என்று சொல்லப்போகிறேன். ஐந்தாவது பகுதியில் அந்த முதல் தாளையும் பெட்டியிலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டேன். படித்து முடிக்கிறவரை யாழினியை நான் பார்த்துக்கொள்வேன். முடித்தபிறகு பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாலும் சரி, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அவள் அடிக்கச் சொல்வதை அடித்துவிடுங்கள். சேர்க்கச் சொல்வதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் தமிழ் அடித்து அனுப்ப எனக்குத் தெரியாது. அவள்தான் அனுப்பவேண்டும். இது உங்களுக்கு வந்து சேர்ந்தால், என் மகள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.